நம் குதிரை ஏன் இன்னும் ஓடவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய பங்குதாரர்களுக்கு,

வணக்கம். ஜூலை முதல் மாதந்தோறும் பயிற்சிக் கட்டணம் செலுத்தி வருகிறோம், செப்டம்பரும் முடியப் போகிறது, குதிரை இன்னும் ஒரு பந்தயத்தில்கூட இறங்கவில்லையே என்று உங்களில் பலர் தொலைபேசியில் கேட்டு வருகிறீர்கள். கேள்வி நியாயமானது. ஓரிரு வரியில் பதில் சொல்லி முடிக்கக்கூடியதாக இல்லாததால் இம்மடலை எழுதுகிறோம். குதிரை நலமாக இருக்கிறது. அதற்குக் காயமோ நோயோ எதுவும் இல்லை. நீங்கள் செலுத்தும் பணம் இந்த மாதங்களில் அதன் கால்களுக்கும் மூச்சுக்கும் செலவாகிறது. அது எவ்வாறு என்பதை விளக்குவது எங்கள் கடமை.

நம்மில் பெரும்பாலோருக்குக் குதிரைப் பந்தயம் என்றால் கிண்டியோ ஊட்டியோ நுவரெலியாவோதான் நினைவுக்கு வரும். அங்கெல்லாம் நாம் பார்த்தது தடைகள் இல்லாத சமதளப் பந்தயம். இரண்டு வயதிலேயே களமிறங்கும் குதிரைகள் அதில் உண்டு. நாம் பங்கு வாங்கியிருப்பது இங்கிலாந்தில் பயிற்சி பெறும், தடை தாண்டும் குதிரையில். இங்கிலாந்தில் இவ்வகைப் பந்தயத்தின் பொதுவான குறைந்தபட்சத் தூரமே இரண்டு மைல், அதாவது ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர். ஹர்டில் எனப்படும் சிறு தடை குறைந்தது மூன்றரை அடி உயரமும், சேஸ் பந்தயத்தில் வரும் பெருந்தடை குறைந்தது நாலரை அடி உயரமும் இருக்கும். முதுகில் அறுபது கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தைச் சுமந்து, ஒவ்வொரு தடையையும் பாய்ந்து தாண்டி, அரை டன் எடையோடு முன்னங்காலில் தரையிறங்கும் விலங்கு இது. அவசரப்படுத்தப்பட்ட குதிரை இந்த வேலையில் நெடுநாள் நிலைப்பதில்லை. பொறுமையாக வளர்க்கப்பட்டது பத்து வயதைத் தாண்டியும் ஓடுகிறது.

ஏட்டளவில் இங்கே தடைப் பந்தயப் பருவம் ஏப்ரல் இறுதியில் சாண்டவுன் மைதானத்தில் முடிந்து, சில நாட்களிலேயே அடுத்தது தொடங்கிவிடுகிறது. கோடையிலும் பந்தயங்கள் நடக்கத்தான் செய்கின்றன. காய்ந்த தரையில் நன்றாக ஓடும் குதிரைகளுக்கு அவை பொருந்தும். ஆனால் குளிர்காலக் குதிரைகளை வைத்திருப்பவர்கள் பருவம் தொடங்கியதாகக் கருதுவது அக்டோபரில் செப்ஸ்டோ, செல்ட்னம் மைதானங்களில் நடக்கும் பந்தயக் கூட்டங்களைத்தான். மே, ஜூன் மாதங்களில் நம் குதிரை லாடம் கழற்றப்பட்டுப் புல்வெளியில் விடப்பட்டிருந்தது. ஜூலையில் லாயத்துக்குத் திரும்பியபோது வயிறு பருத்து, தசை தளர்ந்து, அந்த ஓய்வை முழுமையாக அனுபவித்த தோற்றத்தில் இருந்தது. படம் அனுப்பியபோது நீங்கள் கவலைப்பட்டீர்கள். அந்த நிலையில்தான் அது திரும்ப வேண்டும் என்று பயிற்சியாளர் விரும்பினார்.

லாயம் இருக்கும் லாம்போர்ன், பெர்க்‌ஷயர் மாவட்டத்தில் சுண்ணக்கல் மேட்டுநிலங்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர். பந்தயக் குதிரைகளின் பள்ளத்தாக்கு என்றே அதை அழைக்கிறார்கள். சுண்ணக்கல் மழைநீரை விரைவில் உள்ளிழுத்துக்கொள்வதால், பல தலைமுறைகளாக உழப்படாத அந்தப் புல்தரை காலடியில் மெத்தென்று அமுங்கி எழும். ஜூலை பிற்பகுதியில் அங்கே போனவர்களுக்கு நம் குதிரை அந்தப் புல்தரையில் பாய்ந்தோடுவதைக் காண முடிந்திருக்காது. தார்ச்சாலையில் வரிசையாக நடந்து செல்வதைத்தான் கண்டிருப்பார்கள். முதல் சில வாரங்கள் வெறும் நடை, பிறகு மேடேறும் சாலைகளில் பெருநடை, அதாவது நடைக்கும் ஓட்டத்துக்கும் இடைப்பட்ட வேகம். கடினமான சாலையில் மெதுவாக நடப்பது எலும்பையும் தசைநாணையும் இறுகச் செய்யும் என்பது இந்தத் தொழிலின் பழைய நம்பிக்கை. இன்று சில பயிற்சியாளர்கள் சாலை நடையைக் குறைத்துவிட்டார்கள். நம் பயிற்சியாளர் குறைக்கவில்லை. நாங்களும் அவரோடு உடன்படுகிறோம். ஏனென்றால் குதிரையின் மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடுகின்றன, எலும்பும் தசைநாணும் தேற அதைவிட வெகு காலம் பிடிக்கிறது. மூச்சு தயார், கால் தயாரில்லை என்ற இடைவெளியில்தான் பல குதிரைகள் கெட்டுப்போகின்றன.

லாயத்தில் வேலை காலை ஆறு மணிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தலைமைப் பணியாளர் ஒவ்வொரு கொட்டிலாகப் போய் முதலில் தீனித்தொட்டியைப் பார்க்கிறார். இரவு வைத்த தீனியில் மிச்சம் இருந்தால் அந்தக் குதிரைக்கு ஏதோ சரியில்லை என்று பொருள். அடுத்து உடல் வெப்பம். முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் செய்வதைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். குதிரையின் தோளோரம் குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல், முழங்காலின் பின்புறத்திலிருந்து கணுக்கால்வரை கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் காலைப் பிடித்தபடி மெல்லக் கையை இறக்குகிறார். பிறகு அடுத்த முன்னங்கால். மீண்டும் முதற்கால். இரண்டுக்கும் இடையே சூட்டில் வேறுபாடு இருக்கிறதா, எங்காவது பட்டாணி அளவு வீக்கம் தட்டுப்படுகிறதா, அழுத்தும்போது குதிரை காலை இழுத்துக்கொள்கிறதா என்று பார்க்கிறார். குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பும், அதன் பின்னால் கயிறு போல இறங்கும் தசைநாண்களும்தான். அவற்றில் ஓர் இழை அறுந்தாலும் பெரும்பாலும் ஏறக்குறைய ஓராண்டு ஓய்வு தேவைப்படும். பல சமயங்களில் அந்தச் சேதம் பெரிதாகுமுன் முதலில் தெரிவது இந்தக் கால் சூட்டில்தான். அவர் கை சந்தேகப்பட்ட நாளில் குதிரை வெளியே போகாது. யார் பணம் கட்டியிருந்தாலும் போகாது.

சாணம் அள்ளி, தேய்த்துச் சுத்தம் செய்து, சேணம் பூட்டியதும் குதிரைகளின் முதல் அணி பயிற்சிக்குப் புறப்படும். அது திரும்பியதும் இரண்டாம் அணி, பிறகு மூன்றாவது. ஒரு பணியாளரின் பொறுப்பில் மூன்று நான்கு குதிரைகள் இருக்கும். இங்கிலாந்து லாயங்களில் இன்று சவாரிப் பணியாளர்கள் போதவில்லை; இந்தியாவிலிருந்து வந்து இவ்வேலையைத் திறம்படச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதை நேரில் பார்க்கும்போது நீங்களும் அறிந்துகொள்வீர்கள். பிற்பகலில் எல்லாக் குதிரைகளையும் மீண்டும் தேய்த்து, கால் பார்த்து, ஓட்ஸ் கலந்த தீனியும் ஈரப்பதமுள்ள பதப்படுத்திய புல்லும் வைத்துவிட்டுக் கதவடைக்கிறார்கள். குதிரையின் இரைப்பை சிறியது என்பதால் தீனியைப் பல வேளையாகப் பிரித்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. லாடம் அடிப்பவர் நான்கு வாரத்துக்கு ஒருமுறையாவது வருவார். பயிற்சிக்கு இரும்பு லாடம், பந்தயத்துக்கு எடை குறைந்த அலுமினிய லாடம். உங்கள் கட்டணப் பட்டியலில் தனி வரியாக வருவது இந்தச் செலவே.

ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து நம் குதிரை மரச்சில்லுகள் பரப்பிய மேட்டுப் பாதையில் மிதமான ஓட்டம் ஓடி வருகிறது. மேடேறி ஓடி, நடந்து இறங்கி, மறுபடி ஏறும் இந்த முறையை இங்கிலாந்துத் தடைப் பந்தய உலகில் நிலைநாட்டியவர் சாமர்செட்டின் மார்ட்டின் பைப். பதினைந்து முறை முதலிடப் பயிற்சியாளராக விளங்கியவர் அவர். நீண்ட தூரம் ஒரே மூச்சாக ஓட்டாமல் குறுகிய மேட்டில் திரும்பத் திரும்ப ஓட்டியதால், வேகத்தின் அதிர்ச்சியைக் கால்களுக்கு அதிகம் கொடுக்காமலேயே குதிரைகளை மற்றவர்களுடையதைவிடத் திடமாக்க அவரால் முடிந்தது. வாரந்தோறும் எடை பார்க்கிறார்கள். நம் குதிரை ஜூலையில் கொண்டுவந்த கூடுதல் எடையைச் சீராக இழந்து, விலாவுக்குப் பின்னால் தசை கட்டி வருகிறது.

தாண்டும் பயிற்சியும் தொடங்கிவிட்டது. இது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. முதலில் தரையில் கிடத்திய கழிகள், பிறகு மரத்தடிகள், அதற்குப் பிறகு சிறு ஹர்டில்கள் என்று படிப்படியாக ஏற்றினார்கள். கடந்த வாரம் மான்டவுன் பயிற்சித் திடலில், அனுபவமுள்ள முதிர்ந்த குதிரை ஒன்றைத் துணைக்கு விட்டு, நம் குதிரையை முதன்முறையாகப் பெருந்தடைகளுக்குக் கொண்டுபோனார்கள். முதல் தடைக்கு முன்னால் காதுகளை நிமிர்த்தி ஒரு கணம் தயங்கி, தேவைக்கு மேல் உயரமாகத் தாண்டியது. மூன்றாவது தடையில் தானே காலடியைக் குறுக்கிக்கொண்டு சரியான இடத்தில் எழும்பியது. குதிரை தானாகக் கணக்கிடக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பயிற்சியின் பயன்; ஜாக்கி ஒவ்வொரு தடைக்கும் அதைத் தூக்கிக்கொண்டிருக்க முடியாது. தடைகளின் முன்விளிம்பில் வெள்ளை நிறம் இருப்பதைப் படத்தில் பார்த்துச் சிலர் காரணம் கேட்டீர்கள். முன்பு அங்கே ஆரஞ்சு நிறம் இருந்தது. குதிரையின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் பச்சைப் புல்லிலிருந்து பிரிந்து தெரிவதில்லை என்று எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வு காட்டியதையடுத்து, பிரிட்டிஷ் மைதானங்கள் 2022 முதல் வெள்ளைக்கு மாறத் தொடங்கின.

அப்படியானால் ஓடுவதற்கு இன்னும் எதற்காகக் காத்திருக்கிறோம்? மழைக்காக. மைதானத்தின் தரை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை ஒவ்வொரு மைதானத்திலும் கருவியால் அளந்து, ஃபர்ம் (இறுகியது), குட் (நடுத்தரம்), சாஃப்ட் (நெகிழ்ந்தது), ஹெவி (சேறானது) என்று வகைப்படுத்தி அறிவிக்கிறார்கள். கல்லாகக் காய்ந்த ஹார்ட் தரையில் தடைப் பந்தயம் நடத்தவே அனுமதியில்லை. மைதானத்தார் நீர் பாய்ச்சித்தான் செப்டம்பரில் பந்தயம் நடத்துகிறார்கள். ஆயினும் பாய்ச்சிய நீர் மேல்மண்ணை நனைப்பது வேறு, நாட்கணக்கில் பெய்த மழை அடிமண்ணை நெகிழ்த்துவது வேறு. நம் குதிரையின் பாய்ச்சல் உயரமானது. நெகிழ்ந்த தரைக்கு ஏற்ற பாய்ச்சல் அது. இறுகிய தரையில் முதல் ஓட்டத்தை வைத்தால், இத்தனை வாரம் கட்டியெழுப்பிய காலை ஒரே பிற்பகலில் பணயம் வைத்ததாகிவிடும். குட் டு சாஃப்ட் என்று அறிவிப்பு வரும்வரை ஓட்டுவதில்லை என்று பயிற்சியாளர் முடிவெடுத்திருக்கிறார். அதை மாற்றச் சொல்லி அவரை வற்புறுத்த மாட்டோம் என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

முதல் ஓட்டம் அக்டோபர் பிற்பகுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ, இரண்டு மைல் புதுமுக ஹர்டில் பந்தயமாக இருக்கும் என எதிர்பார்க்கிறோம். பெயர் பதிவு சில நாட்கள் முன்னதாகவே முடிந்துவிடும். ஆனால் ஓடுகிறதா என்பது பந்தயத்துக்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்குள் பயிற்சியாளர் உறுதி செய்த பிறகே நிச்சயமாகும். அதற்கு முன் யாருக்கும் உறுதி தர எங்களால் இயலாது. விடுப்பு எடுக்க வேண்டியவர்கள் பதிவுச் செய்தி கிடைத்ததும் உத்தேசமாக ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற சேஸ் பந்தயமான கிராண்ட் நேஷனல் பற்றி இருவர் கேட்டிருந்தீர்கள். ஏழு வயதுக்குக் குறைந்த குதிரைகளை அதில் அனுமதிப்பதில்லை. பிரிட்டனில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஜனவரி முதல் நாளில் ஒரு வயது கூடும் என்பதால், இப்போது ஆறு வயதாகும் நம் குதிரை வயதளவில் வரும் ஏப்ரலில் தகுதி பெற்றுவிடும். ஆனால் 2024 முதல் அப்பந்தயத்தில் இறங்க, குதிரையின் திறனை மதிப்பிட்டு வழங்கப்படும் தரப்புள்ளிகள் 130 ஆவது இருக்க வேண்டும் என்றும், 34 குதிரைகளுக்கு மேல் ஓடக் கூடாது என்றும் ஆகிவிட்டது. சேஸ் பந்தயம் ஒன்றில்கூட இன்னும் ஓடாத குதிரையை வைத்துக்கொண்டு அந்தப் பெயரை உச்சரிப்பதை நாங்கள் விரும்பவில்லை. இந்தக் குளிர்காலம் முழுவதும் ஹர்டில், அடுத்த ஆண்டு சேஸ் என்பதே எங்கள் திட்டம்.

இறுதியாக, லாய வருகை. அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாயிலில் இருக்க வேண்டுகிறோம். தாமதமாக வந்தால் முதல் அணியைக் காண இயலாது. அதற்குள் குளிர்கால ரோமத்தைக் கத்தரித்திருப்பார்கள் என்பதால் குதிரையின் நிறம் படங்களில் பார்த்ததைவிட வெளிறித் தெரியும்; அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். கடந்த சில நாட்களில் வேறு குதிரைகளோடு பழகியவர்கள் முன்கூட்டியே தெரிவியுங்கள், எல்லோரும் வாயிலில் காலணியைக் கிருமிநாசினியில் நனைத்துவிட்டே உள்ளே வாருங்கள். 2019 பிப்ரவரியில் குதிரைக் காய்ச்சல் பரவி, பிரிட்டனில் பந்தயங்களே ஆறு நாட்கள் நிறுத்தப்பட்டதை லாயத்தார் மறக்கவில்லை. குதிரைக்குக் கேரட் கொண்டு வரலாம். பயிற்சியாளரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பிள்ளைகளைக் குதிரைகளின் பின்புறம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பந்தய நாளில் பங்குதாரர்களுக்குக் கிடைக்கும் நுழைவு அட்டைகள் குறைவு என்பதால், முதல் ஓட்டத்துக்கு வர விரும்புவோரின் பெயர்களை இந்த வருகையன்றே எழுதி வாங்கி, அங்கேயே குலுக்கிப் போட்டு முடிவு செய்வோம்.

இப்படிக்கு,
பங்குதாரர் தொடர்பு அலுவலகம்