செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் மற்றும் வருகை தந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் இயங்கும் நம் கட்டற்ற மென்பொருள் பயனர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. செப்டம்பரில் மென்பொருள் விடுதலை நாள் கொண்டாடப்பட்டது. பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவித் தரும் முகாமும் நடந்தது.

அடுத்து மகாமகக் குளத் திட்டம். "பிள்ளைகள் விளையாட்டுக்கா சங்கப் பணம்?" என்று சென்ற கூட்டத்தில் கேட்கப்பட்டதால் விரிவாகவே சொல்கிறேன். மைன்டெஸ்ட் என்ற பெயரில் 2010-இல் தொடங்கி, 2024 அக்டோபரில் லுவான்டி எனப் பெயர் மாறிய, பலர் சேர்ந்து திரையில் கனசதுரக் கட்டைகளை அடுக்கிக் கட்டும் கட்டற்ற விளையாட்டு மென்பொருளில், நம் குளத்தை 16 மண்டபங்களோடும் தீர்த்தக் கிணறுகளோடும் முழு அளவில் கட்டி வருகிறோம். ஒரு கட்டை ஒரு மீட்டர். ஒருவர் வைக்கும் கல்லை மற்ற எல்லோரும் அப்போதே பார்க்கலாம். ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான யூஎன்-ஹாபிடாட் 2012-இல், இதே வகைக் கட்டை விளையாட்டான மைன்கிராஃப்டின் நிறுவனத்தாரோடு கைகோத்து, நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதி போன்ற இடங்களில் பொதுவெளியை அங்கு வாழும் மக்களையே வடிவமைக்கச் செய்தது. டென்மார்க் அரசு 2014-இல் தன் நாடு முழுவதையும் அதே மைன்கிராஃப்டில் 1:1 அளவில் வெளியிட்டது. இதைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சேர்ந்து கட்டுவது எளிதாக இருக்கவில்லை. மம்பிள் என்ற குரல் உரையாடல் மென்பொருளில் பேசிக்கொண்டே வேலை செய்தோம். "இந்தப் படியை இறக்குங்க" என்று ஒருவர் சொன்னால் எந்தப் படி என்று மற்றவருக்குப் புரியவில்லை. திரையில் அவருடைய உருவத்தின் தலை திரும்புவது தெரியும்; அவர் எதைப் பார்க்கிறார் என்பது தெரியாது. அதனால், பேசப்போகும் கல்லின் மேல் முதலில் ஒரு தீப்பந்தம் வைக்க வேண்டும் என்று விதி செய்தோம். தொலைவில் நிற்பவர்கள் எஃப்5 விசையை அழுத்தி, திரையில் தோன்றும் ஆயத்தொலைவை, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்களைச் சொல்ல வேண்டும். சச்சரவில் பாதி இதிலேயே அடங்கியது.

நம் குளத்தின் கரைகள் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இல்லை. புதிதாக வந்த மாணவர் ஒருவர், தவறு என்று நினைத்து ஒரு கரையின் படிகளை நேராக்கிவிட்டார். பழைய நிலைக்கு மீட்கும் கட்டளை இருந்ததால் வேலை வீணாகவில்லை. ஆனால் அந்த மாணவர் பேச்சில் சேராமல் தட்டச்சு மட்டுமே செய்பவர். நில அளவைத் துறையில் ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினரோ பேச மட்டுமே செய்வார். இருவரும் ஒரே கரையில் நின்றும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு எட்டவே இல்லை. இப்போது ஒவ்வொரு அமர்விலும் பேச்சைத் தட்டச்சு செய்யவும், தட்டச்சை வாசித்துச் சொல்லவும் ஒருவரை அமர்த்துகிறோம். என்னைக் கேட்டால் இவ்வாண்டின் மிக நல்ல ஏற்பாடு இதுதான்.

வருகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சார்ஜாவில் வேலை பார்க்கும் உறுப்பினர் பணி முடிந்து வந்து தூண் நிறுத்துகிறார். குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் சிலர் ஒரு முறைகூட நுழையவில்லை. வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் உயர்த்துவதை வருகையாகக் கொள்ள இயலாது.

வரவு செலவு ஏறத்தாழச் சமமாக உள்ளது. விவரத்தைப் பொருளாளர் தருவார். சந்தா பாதிக்கு மேல் நிலுவை. சர்வர் வாடகையில் ஒரு பகுதியை உறுப்பினர் ஒருவர் தம் கையிலிருந்து கொடுத்து வருகிறார். இதை எத்தனை காலம் அவரிடம் கேட்க முடியும்? மொசில்லா 2018-இல் தொடங்கிய ஹப்ஸ் மெய்நிகர் அறைகளை 2024 மே 31-இல் மூடியது. நிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்றதாக இருந்ததால், சொந்தமாக நடத்த முன்வந்தவர்களுக்கு வழி இருந்தது. நம் குளமும் நம் சர்வரில் இருக்கும்வரைதான் நம்முடையது.

கூடம் தந்து உதவிய பள்ளி நிர்வாகத்துக்கும், தணிக்கையாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. அதற்குள் மண்டபங்கள் அனைத்தையும் முடித்து, பள்ளிப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்கத் திறந்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். வடகரையில் ஆள் போதவில்லை. இந்த நிலை நீடித்தால் வரும் ஆண்டில் இப்பொறுப்பை என்னால் தொடர முடியுமா என்பதைச் செயற்குழுதான் முடிவு செய்ய வேண்டும். நிலுவைச் சந்தாவை இன்றே பொருளாளரிடம் செலுத்தலாம். வடகரைக்குப் பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்