சோஃபியையும் கொஞ்சம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பழைய பிரெஞ்சுப் பிரபுக்களின் காதல்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் பெரிய பேச்சாளரான மிராபோவை, சிறையிலிருந்து காதல் கடிதம் எழுதிய மகா காதலன் என்று அதில் கொண்டாடியிருந்தீர்கள். சரி, கொண்டாடட்டும். ஆனால் அந்தக் கடிதங்கள் யாருக்குப் போயினவோ அந்தப் பெண்ணுக்கு மூன்றே வரிதான், அதிலும் 'வயதான கணவரின் பொறாமைக்குப் பலியானவள்' என்று ஒரு வார்த்தையோடு கதை முடிந்துவிட்டது. எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பெண் சோஃபி த மோனியே, பிரான்சின் திஜோன் நகரத்தில் பெரிய பதவியிலிருந்த குடும்பத்தில் பிறந்தவள். 1771-ல் அவளைக் கட்டிக்கொடுத்தபோது வயது 17. மாப்பிள்ளை மார்க்கி (ஒரு பிரபுப் பட்டம்) த மோனியே, 60-ஐத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், தோல் (Dole) என்ற ஊரில் அரசுக் கணக்குகளைப் பார்த்த நீதிமன்றத்தின் தலைவராக இருந்தவர். இரண்டாம் தாரமாகத்தான் அந்த வீட்டுக்குப் போனாள். அந்தக் கிழவருக்கு எதற்கு இந்தக் கல்யாணம்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. முதல் தாரத்தின் மகள் வால்தஓன் என்ற ராஜ படைவீரனைக் காதலித்தாள், தகப்பனார் ஒப்பவில்லை, வழக்கு வருடக்கணக்கில் நடந்தது, நாடெல்லாம் பேசிய வழக்கு. 1556-ல் வந்த அரசாணைப்படி 25 வயதுக்குள் பெண்ணும் 30 வயதுக்குள் பையனும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டால் சொத்தில்லாமல் துரத்திவிடலாம். இந்த மகள் 25 ஆகும்வரை பொறுத்திருந்தும்கூட தகப்பனார் விடவில்லை, ஆனாலும் கடைசியில் நீதிமன்றம் காதலர்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. மகள் மேலிருந்த அந்தக் கோபத்தில்தான், சொத்து அவளுக்குப் போய்ச் சேரக் கூடாதென்று, மார்க்கி மறுமணம் செய்துகொண்டார் என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் காதலைப் பழிவாங்க இன்னொரு பெண்ணை வீட்டுக்குள் கொண்டுவந்தது காதலா பொறாமையா என்று நீங்களே சொல்லுங்கள்.

மிராபோவின் வீட்டுக் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. தென் பிரான்சின் புரொவான்ஸ் பகுதிப் பிரபுக் குடும்பம். 1772-ல் எக்ஸ் நகரத்துப் பணக்கார வாரிசு எமிலி த மாரிஞானை மணந்தான், கொஞ்ச காலத்திலேயே கடனில் மூழ்கினான், அப்புறம் அப்பாவே ராஜாவிடம் முத்திரைக் கடிதம், அதாவது ராஜா முத்திரையிட்ட சிறைவைப்பு உத்தரவு, வாங்கி மகனைக் கோட்டை கோட்டையாக அடைத்தார். விசாரணை கிடையாது, எத்தனை நாள் என்ற கணக்கும் கிடையாது. குடும்ப மானம் என்ற ஒரு காரணம் போதும். அப்படித்தான் 1775-ல் சுவிஸ் எல்லைக்குப் பக்கத்திலுள்ள ஜூ கோட்டைக்கு வந்து, அங்கிருந்து பொந்தார்லியே ஊருக்குள் போய்வர அனுமதி கிடைத்தபோது மார்க்கியின் வீட்டில் சோஃபியைப் பார்த்தான். அவனுக்கு 26, அவளுக்கு 21. கோட்டைக் காவல் அதிகாரி செயின்ட்-மோரிஸுக்கே சோஃபி மேல் ஆசை இருந்ததாகவும், அந்த ஆத்திரத்தில்தான் மிராபோவின் வெளிநடமாட்டத்தை நெருக்கினார் என்றும் சொல்வார்கள்.

1776 ஆகஸ்டில் ஒரு ராத்திரி ஆண் உடையில் தோட்டச் சுவரேறி சோஃபி எல்லை தாண்டி, முன்பே தப்பிப் போயிருந்த மிராபோவைச் சேர்ந்தாள். அதன் பிறகு ஆம்ஸ்டர்டாமில் வேறு பெயரில் இருவரும் வாழ்ந்தார்கள். அவன் புத்தக வியாபாரிகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தான், அவள் இத்தாலி மொழி கற்றுக்கொடுத்தாள். அந்தச் சில மாதங்களைத்தான் நான் அவர்களுடைய இல்லறம் என்று சொல்வேன், வேறு எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போட்டிருந்தாலும்.

1777 மே மாதம் பொந்தார்லியே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மிராபோவுக்கு மரண தண்டனை, ஆள் கையில் இல்லாததால் ஆளுக்குப் பதிலாக அவன் உருவத்துக்குத்தான். சோஃபிக்கு பெசான்சோன் காப்பகத்தில் ஆயுள் முழுக்க அடைப்பு, தலையை மொட்டையடிக்க வேண்டும், அவள் கொண்டுவந்த சீதனம் கணவருக்கு. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள் ஐயா. பொறாமை என்று எழுதிவிட்டால் சீதனம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அன்றைய சட்டப்படி மனைவி தவறினால் கணவர் வழக்குப் போட்டு அவளைக் கன்னியாஸ்திரீகள் மடத்தில் அடைக்கலாம், வேண்டுமானால் இரண்டு வருடத்துக்குள் திருப்பி அழைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அவள் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். கணவன் தவறினால் மனைவிக்கு அந்த வழக்கே கிடையாது.

ஆம்ஸ்டர்டாமில் இருவரையும் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அவன் வான்சேன் கோட்டைச் சிறையில் 1780 டிசம்பர் வரை இருந்தான். கர்ப்பிணியாக இருந்த சோஃபியை பாரிஸில் ஒரு வீட்டில் அடைத்தார்கள். 1778 ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை வளர்ப்புத் தாயிடம் கொடுத்துவிட்டு, சோஃபியை ஜியான் ஊர் மடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் குழந்தை இறந்துபோனது. உங்கள் கட்டுரையில் குழந்தையே இல்லை.

நீங்கள் புகழ்ந்த கடிதங்களுக்கு வருகிறேன். காவல் துறைத் தலைவர் லெனுவார் இரக்கப்பட்டு எழுத அனுமதித்தார், ஆனால் படித்துமுடித்ததும் கடிதம் காவல் அலுவலகத்துக்கே திரும்ப வர வேண்டும் என்பது நிபந்தனை. காதலன் எழுதிய தாளை அவளால் தலையணைக்கடியில்கூட வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் அவை அலுவலகத்திலேயே கிடந்து 1792-ல் அச்சேறின. அவற்றில் முழுக்க அவன் குரல்தான். இருவரும் அதிகாரிகளுக்குத் தெரியாமல் எழுதிக்கொண்ட ரகசியக் கடிதங்கள், அவள் குரல் கேட்கும் கடிதங்கள், 1903-ல்தான் வெளிவந்தன. நூறு வருடத்துக்கு மேல் உலகம் ஒரு பக்கத்தை மட்டும் படித்து அழுதிருக்கிறது.

பொறாமை யாருடையது என்றும் பார்த்துவிடுவோம். விடுதலையான பின் 1781-ல் மிராபோ ரகசியமாக ஜியானுக்குப் போனான். மடத்துக்குள் முடங்கிக் கிடந்தவள் மேல், அங்கே வந்துபோனவர்களை வைத்துச் சந்தேகம். வாய்ச்சண்டை முற்றிப் பிரிந்தார்கள், பிறகு சந்திக்கவே இல்லை. 1782-ல் அவன் பொந்தார்லியேவுக்குத் திரும்பிப் போய் தண்டனையை ரத்து செய்யவைத்தான், கணவர் உயிரோடிருக்கும்வரை சோஃபி மடத்திலேயே இருக்க வேண்டும் என்பது சமரசம். அடுத்த வருடமே எமிலியும் அவளுடைய சொத்தும் திரும்ப வேண்டுமென்று எக்ஸ் நீதிமன்றத்தில் நின்றான். எமிலியின் வக்கீல் போர்த்தாலிஸ், பிற்காலத்தில் நெப்போலியனின் சிவில் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவர். கல்யாணமான புதிதில் எமிலிக்கு இன்னொருவரோடு தொடர்பு இருந்தது, மிராபோ அதை மன்னித்திருந்தான். அந்தத் தொடர்பை எமிலி ஒப்புக்கொண்ட பழைய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து நீதிமன்றத்தில் எல்லோர் முன்னாலும் படித்தான். ஜூலையில் தீர்ப்பு எமிலிக்குச் சாதகமாக வந்தது, எனக்கு அதில் சந்தோஷம்தான்.

மிராபோவைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமல்ல. விசாரணையில்லாமல் அடைப்பதை எதிர்த்து வான்சேனில் உட்கார்ந்து அவன் எழுதிய புத்தகம் பெரிய காரியம், 1790-ல் முத்திரைக் கடிதங்கள் ஒழிந்ததில் அவனுக்கும் பங்குண்டு. ஆனால் மார்க்கி 1783-லேயே இறந்த பிறகும் சோஃபி ஜியானைவிட்டு எங்கும் போகவில்லை. பிறகு ஒருவரை மணக்கத் தயாரானாள், அவரும் காசநோயில் இறந்தார். 1789 செப்டம்பரில் அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். வயது 35. புரட்சியில் பாஸ்டில் சிறைக்கோட்டை விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பாரிஸ் முழுக்க மிராபோவின் பேச்சுதான். விவாகரத்துச் சட்டம் வந்தது 1792 செப்டம்பரில். அதையும் 1816-ல் பிடுங்கிக்கொண்டு 1884-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த 1903 தொகுப்பு நூலகங்களில் இருக்கிறது, பிரெஞ்சு தெரிந்தவர்கள் உங்கள் அலுவலகத்தில் நிச்சயம் இருப்பார்கள். சோஃபி எழுதிய கடிதங்களில் இரண்டையாவது தமிழில் போட்டு, மேலே அவள் பெயரை முழுதாக எழுதி, வரும் ஞாயிறு இணைப்பிதழில் அதே அளவு இடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருச்சி