உத்தரவாதம் முடியாத புதிய கார்களும் சிப் டியூனிங்கும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உத்தரவாதக் காலம் முடியாத கார்களுக்கு இனிச் சிப் டியூனிங் (இஞ்சின் கொம்பியூட்டரின் புரோகிராமை மாற்றி வலுவைக் கூட்டும் வேலை) செய்வதில்லை என்று கராஜ் வாசலில் அறிவித்தல் ஒட்டிய நாளிலிருந்து, எங்களைப் பற்றி ஒரு கதை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. காரை விற்று உத்தரவாதம் கொடுக்கும் கொழும்பு ஏஜென்டுகளிடம் கமிசன் வாங்கிக்கொண்டுதான் மறுக்கிறோமாம். அவர்கள் உத்தரவாதத்தை மறுக்க வசதியாக, யார் யார் டியூன் செய்தார்கள் என்ற விபரத்தையும் அவர்களுக்கு நாங்களே கொடுக்கிறோமாம். பல வருடங்களாக எங்களிடம் வருகின்ற சிலரே நேரில் வந்து, "அண்ணை, உண்மையோ?" என்று கேட்ட பிறகு பேசாமல் இருப்பது சரியல்ல என்பதால் இதனை எழுதுகிறோம்.

எந்த ஏஜென்டும் எங்களுக்கு ஒரு சதமும் தந்ததில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. எந்த வாடிக்கையாளரின் பெயரும் வாகன இலக்கமும் இந்தக் கராஜை விட்டு வெளியே போனதில்லை. ஒரு டியூனிங் வேலையை மறுத்தால் அந்த வருமானம் எங்களுக்குத்தான் இல்லாமற் போகிறது. அதுமட்டுமல்ல, உத்தரவாதம் உள்ள கார் சேர்விசுக்கும் ஏஜென்டிடமே போகின்றபடியால், அவர்களுக்குச் சார்பாக நடப்பதில் எங்களுக்கு எந்த இலாபமும் இல்லை. இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததே. இருந்தும் எழுத வேண்டிவந்ததில் எங்களுக்கு மிகுந்த மனவருத்தம் உண்டு.

அப்படியானால் டியூன் செய்தது ஏஜென்டுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்கிறீர்கள். இன்றைய இஞ்சினின் கொம்பியூட்டரில் இருக்கும் புரோகிராமுக்குக் கொம்பனி கொடுத்த அடையாள எண் ஒன்று உண்டு. பல கார்களில் அந்தப் புரோகிராம் எத்தனை தடவை மாற்றி எழுதப்பட்டது என்ற கணக்கும் கொம்பியூட்டருக்குள்ளேயே பதிவாகிறது. சேர்விசுக்கு முன்னர் பழைய புரோகிராமைத் திருப்பி ஏற்றிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். திருப்பி ஏற்றியதும் ஒரு தடவையாக அந்தக் கணக்கிற் சேர்ந்துவிடும். ஏஜென்டின் ஸ்கான் கருவியை மாட்டினால் அவர்களுக்கு வேறு எவரும் தகவல் கொடுக்கத் தேவையில்லை.

புரோகிராமைத் தொடாமல் இடையிற் பூட்டுகிற பெட்டி பாதுகாப்பானது என்றும் சொல்கிறார்கள். அந்தப் பெட்டி, டர்போவின் (இஞ்சினுக்குள் மேலதிகக் காற்றைத் தள்ளும் பாகம்) அமுக்கத்தை அளக்கும் சென்சருக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் இருந்து, உண்மையான அமுக்கத்திலும் குறைவான ஓர் அளவைக் கொம்பியூட்டருக்குச் சொல்கிறது. கொம்பியூட்டர் அதை நம்பி அமுக்கத்தைக் கூட்டுகிறது. வேறிடத்தில் அப்படி ஒரு பெட்டி பூட்டிய சிறிய டர்போ கார் ஒன்று, ஏஜென்ட் கைவிட்ட பின்னர் எங்களிடம் வந்தது. பெட்டியை உரிமையாளர் முன்னரே கழற்றியிருந்தார். ஆனால் சென்சர் சொக்கெற்றின் பூட்டு நாக்கு ஸ்குரூ டிரைவரால் நெம்பப்பட்டு வெளுத்துப்போயிருந்தது. வயரில் இன்சுலேசன் டேப்பின் பசையும் அப்படியே இருந்தது. இஞ்சினைப் பிரித்தபோது, ஒரு பிஸ்டனில் முதலாவது ரிங்கிற்கும் இரண்டாவது ரிங்கிற்கும் இடைப்பட்ட விளிம்பு ஒரு துண்டாக உடைந்து விழுந்திருந்தது. உத்தரவாதம் இருந்திருந்தால் அவர் கையிலிருந்து போயிராத பணம், லீசிங் கட்டிக்கொண்டிருக்கும் போதே போனது.

அந்த விளிம்பு உடைவதற்கான காரணம் எங்கள் ஊர் ஓட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. நேரடியாக சிலிண்டருக்குள் பெற்றோல் பீச்சும் சிறிய டர்போ இஞ்சின்களில், குறைந்த சுற்றில் அதிக பாரம் விழும்போது, பிளக் தீப்பொறி கொடுப்பதற்கு முன்னரே கலவை பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு உண்டு. 2020 இல் வந்த ஏபிஐ எஸ்பி தர (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் இஞ்சின் ஒயில் தரம்) ஒயிலில் இதற்கென்றே தனிப் பரிசோதனை வைத்தார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய விடயம் என்று விளங்கும். ஏசியைப் போட்டு, ஐந்து பேரை ஏற்றி, தானியங்கிக் கியர் சுற்றைக் குறைத்துவைத்திருக்க, மத்தியான வெயிலில் 92 ஒக்டேன் பெற்றோலோடு நகருக்குள் ஊர்ந்து திடீரென மிதிப்பதுதான் எங்களிற் பெரும்பாலானோரின் ஓட்டம். கொம்பனிக்காரர் சூட்டுக்கும் தரக்குறைவான எரிபொருளுக்கும் பிந்தி மாற்றும் ஒயிலுக்கும் என்று விட்டுவைத்த இடைவெளியைத்தான் டியூனிங் எடுத்துக்கொள்கிறது. சிவிரி (CVT) எனப்படும், பெல்றினால் இயங்கும் தானியங்கிக் கியர்பெட்டியின் பெல்ற் தாங்கக்கூடிய முறுக்கு விசைக்கும் ஓர் எல்லை உண்டு.

டியூனிங் பிழையான தொழில் என்று நாங்கள் ஒருபோதும் சொல்லமாட்டோம். டர்போ உள்ள இஞ்சினில் 20 முதல் 30 வீதம் வரை வலு கூடுவது உண்மை. டர்போ இல்லாததில் பத்து வீதம் தேறுவதே கடினம். ஒரே இஞ்சினைக் கொம்பனிகளே பல வலு அளவுகளில் விற்பதும் உண்மை. ஆனால் சிலவற்றில் புரோகிராம் மட்டும் வேறுபட, வேறு சிலவற்றில் பிஸ்டனும் டர்போவும் குளிரூட்டும் வசதியும் சேர்ந்து வேறுபடுகின்றன என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. எங்கள் வீதிகளையும் நினைத்துப் பாருங்கள். வடக்கில் அதிவேக நெடுஞ்சாலை இல்லை. ஏ-9 வீதியிற்கூட ஊர்மனைக்கு வெளியே காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை. கூட்டிய வலுவை எங்கே பாவிப்பது?

கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள உறவினர்கள், டியூன் செய்ததற்காக உத்தரவாதத்தை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொன்னதாகச் சிலர் கூறினர். அவர்கள் சொல்வது அமெரிக்காவின் 1975 ஆம் ஆண்டு மக்னசன்-மொஸ் சட்டத்தை. வேறு கொம்பனிப் பொருள் பூட்டியதை மட்டும் காரணம் காட்டி முழு உத்தரவாதத்தையும் மறுக்க அங்கே முடியாது. ஆனால் அந்த மாற்றத்தால்தான் பழுது வந்தது என்று காட்டினால் அங்கேயும் மறுக்கலாம். அந்தச் சட்டம் இங்கே செல்லாது. இங்கே உங்கள் கையிலிருக்கும் உத்தரவாதப் புத்தகத்தின் நிபந்தனைதான் பேசும், ஆகவே அதை ஒருமுறை முழுமையாக வாசியுங்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கும்வரை காத்திருந்து, வரிகளையும் சேர்த்துக் கட்டி வாங்கிய கார்கள் இவை. அவற்றின் உத்தரவாதத்தை எங்கள் கையால் இல்லாமற் செய்ய மனம் வரவில்லை. இந்த முடிவுக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

உத்தரவாதம் முடிந்த கார்களுக்கும், ஏஜென்ட் உத்தரவாதம் இல்லாமல் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கார்களுக்கும், கொம்பிரசன், ஒயில், பிளக், கியர்பெட்டி எல்லாம் பரிசோதித்துச் சரியென்று கண்ட பின்னரே டியூனிங் செய்வோம். அந்த வேலையைப் பார்த்த தம்பி வெளிநாடு சென்றுவிட்டதால், புதியவர் பழகும்வரை அதிலும் சிறிது தாமதம் இருக்கும். ஸ்கான் கட்டணமும் மென்பொருள் சந்தா ஏறியதால் சற்றுக் கூடியுள்ளது. முற்பணம் கட்டியவர்கள் பற்றுச்சீட்டுடன் வந்தால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்.

எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்திலும், உதிரிப்பாகம் கிடைக்காமல் உங்கள் கார்கள் எங்கள் முற்றத்தில் வாரக்கணக்கில் நின்ற காலத்திலும் எங்களை விட்டுப் போகாதவர்கள் நீங்கள். அந்த நன்றியை நாங்கள் மறக்கவில்லை. இந்தக் கதையைக் கேட்டவுடன் மற்றவர்களுக்கு அனுப்பாமல் எங்களிடமே வந்து கேட்டவர்களுக்கு விசேட நன்றி. சந்தேகம் உள்ள எவரும் உத்தரவாதப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். கூட இருந்து வாசித்து விளங்கப்படுத்துவோம், அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
கராஜ் உரிமையாளர்,
யாழ்ப்பாணம்.