கில்லீன் நிலத்தையும் அதன் பழம்பாதையையும் காக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

அயர்லாந்தின் மேற்கே, மேயோ மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரின் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே புல் மூடிய பழைய பாதை ஒன்று சென்று, பழங்கால மண்கரை சூழ்ந்த மண்கோட்டை வட்டம் ஒன்றில் முடிகிறது. அந்த வட்டத்துக்குள்தான் கில்லீன் எனப்படும், குழந்தைகளைப் புதைத்த பழைய நிலம் இருக்கிறது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கு திருச்சபை மந்திரித்துப் புனிதமாக்கிய கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றிருந்த காலத்தில், தகப்பனோ சிற்றப்பனோ பொழுது சாய்ந்தபின் சிறு மரப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இவ்வழியே வந்து, புதைத்துவிட்டுப் பேசாமல் திரும்பினார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அயர்லாந்தின் பல ஊர்களில் இது நடந்தது. பெயர் பொறித்த கல் ஒன்றுகூடக் கிடையாது. முழங்கால் உயரம்கூட இல்லாத முரட்டுக் கற்களும், அவற்றின் அடியில் யாரோ பொறுக்கி வைத்த வெங்கச்சங்கற்களுமே அடையாளம்.

இத்தனை காலம் இவ்விடத்தைக் காத்தது வேலியன்று, கதை. இந்த மண்ணை மிதித்தவன் விடியும்வரை ஒரே வயலுக்குள் சுற்றுவான், மேற்சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால்தான் வழி தெரியும் என்றார்கள். பாதையோரம் ‘பசிப்புல்’ முளைத்திருப்பதாகவும், 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் நடக்கமாட்டாமல் விழுந்து இறந்தவர்கள் கிடந்த இடம் அது என்பதால் மிதித்தவரைத் தாங்காத பசி கவ்வும் என்றும் சொல்லி, சட்டைப்பையில் ரொட்டித்துண்டோடு நடந்தார்கள். 1937–39இல் பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டெழுதிய வழக்காற்றுத் தொகுப்பில் இத்தகைய செய்திகள் ஏராளம். நம்பினார்களோ இல்லையோ, அங்கே ஏர் ஓட்டவில்லை. அந்த அச்சம் போனதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் கதையறியாத இயந்திர ஓட்டுநருக்கு அவை வெறும் வயற்கற்கள்; சென்ற குளிர்காலத்தில் வடபுறக் கற்கள் சில பெயர்ந்து பள்ளத்தில் கிடந்தன.

ஆகவே நிலவுடைமையாளரின் இசைவோடு, சாந்தில்லாமல் கல்லடுக்கும் பழைய முறையில் சுற்றுச்சுவரைச் செப்பனிடவும், பாதையில் தேங்கும் நீருக்கு வடிகால் அமைக்கவும், கற்கள் ஒவ்வொன்றையும் அளந்து வரைபடமாக்கவும் எண்ணியுள்ளோம். எதையும் தோண்டமாட்டோம், சட்டம் அனுமதிக்காது, அனுமதித்தாலும் செய்யமாட்டோம். உரிய அனுமதி பெற்று, தொல்லியலாளர் ஒருவரின் மேற்பார்வையில்தான் பணி நடக்கும். செலவில் பெரும்பங்கும் அவருக்கும் கல்லடுக்குநருக்குமான கூலியே.

20 யூரோவானாலும் மகிழ்ந்து ஏற்போம். பணம் தர இயலாதவர்கள் சனிக்கிழமைகளில் கல் சுமக்க வரலாம். தாத்தா பாட்டி சொன்ன கதை நினைவிருந்தால் எழுதித் தரலாம். ஒவ்வொரு தொகைக்கும் பொருளாளர் ரசீது தருவார், பணி முடிந்ததும் கணக்கு ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்படும். நன்கொடையாளர் பெயர்களை மட்டும் அங்கே எந்தக் கல்லிலும் பொறிப்பதாக இல்லை.

இப்படிக்கு,
கில்லீன் பராமரிப்புக் குழுவினர்