ரீபூட் செய்வதற்கு முன் ஐந்து நிமிடம்: கொங்கு வட்டார இணையச் சேவையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் கேபிள் டிவி தொழிலிலிருந்து ஃபைபர் இணையத்துக்கு வளர்ந்து வந்திருக்கும் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும், அங்கே இரவுப் பணி பார்க்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலரிடம் நான் வேலை செய்திருக்கிறேன். இன்னும் பலர் நள்ளிரவில் அழைத்துப் பேசியிருக்கிறீர்கள். அந்த உரிமையில் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். இணையம் நின்றதும் ரவுட்டரை ரீபூட் செய்யும் பழக்கத்தை நம் வட்டாரம் விட வேண்டும். வீட்டில் இருக்கும் சிறிய வைஃபை பெட்டிக்கு அது பொருந்தலாம். ஆயிரக்கணக்கான வீடுகளும் பனியன் கம்பெனிகளும் விசைத்தறிக் கூடங்களும் நம்பியிருக்கும் மைய ரவுட்டருக்கு அது பொருந்தாது.

சென்ற ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். பெருந்துறைப் பக்கம் ஒரு நிறுவனம், பழைய சர்வர் ஒன்றில் லினக்ஸ் நிறுவி, அதில் எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டிங் மென்பொருளை ஓட்டி வருகிறது. இரவு ஒன்பது மணிக்கு முன்பே சேவை நின்றுவிட்டது. எனக்கு அழைப்பு வந்தபோது மணி பத்தரை. அதற்குள் நான்கு முறை ரீபூட் செய்திருந்தார்கள். இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் வழித்தடங்களைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை பிஜிபி. அதன் நிலையைக் காட்டும் 'ஷோ பிஜிபி சம்மரி' கட்டளையைக் கொடுத்து என்ன காட்டுகிறது என்று கேட்டேன். "ஆக்டிவ்னு காட்டுதுங்க சார், லைன் நல்லாத்தான் இருக்குது" என்றார் அந்தத் தம்பி.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 'ஆக்டிவ்' என்ற சொல்லைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் பிஜிபி நெறிமுறையில் அதன் பொருள் நேர் எதிரானது: எதிர்முனையோடு டிசிபி இணைப்பு (பிஜிபி பேசுவதற்கு அடிப்படையான தொடர்பு) கிடைக்கவில்லை, ரவுட்டர் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது என்பதே அந்த நிலை. இணைப்பு நிலைத்துவிட்டால் அந்த இடத்தில் வழக்கமாகச் சொல் எதுவும் இருக்காது. எதிர்முனையிலிருந்து பெற்ற வழித்தடங்களின் எண்ணிக்கை இருக்கும். இந்த ஒரு செய்தியை உங்கள் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தால் அந்த இரவில் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

காரணம் எளியது. அன்று மாலை பாதுகாப்புக்காக ஃபயர்வாலில் ஒரு புதிய விதியைச் சேர்த்துச் சேமித்திருக்கிறார்கள். அது பிஜிபி பயன்படுத்தும் 179-ஆம் டிசிபி போர்ட்டையும் சேர்த்து அடைத்துவிட்டது. விதி சேமிக்கப்பட்டிருந்ததால், ஒவ்வொரு ரீபூட்டிலும் ரவுட்டர் எழுந்து, அந்த விதியை மறுபடியும் தானே ஏற்றிக்கொண்டது. இதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. 'ஷோ பிஜிபி நெய்பர்' கட்டளையின் வெளியீட்டில் இணைப்பு கடைசியாக எப்போது, எதனால் அறுந்தது என்று சொல்லும் ஒரு வரி உண்டு. முதல் ரீபூட்டிலேயே அந்த வரி அழிந்துபோனது. பிறகு அப்ஸ்ட்ரீம் நிறுவனத்தின், அதாவது இவர்களுக்கு இணையம் தரும் பெரிய நிறுவனத்தின், பொறியாளரை எழுப்பி, அவர்களுடைய பதிவைப் பார்க்கச் சொன்னோம். 'ஹோல்டு டைமர் எக்ஸ்பயர்டு' என்ற வரியும், அருகில் 8.47 என்ற நேரமும் அங்கே இருந்தன. எதிர்முனையிலிருந்து செய்தி வராமல் எவ்வளவு நேரம் பொறுப்பது என்ற கணக்கே ஹோல்டு டைமர். எஃப்ஆர்ஆரில் அது வழக்கமாக 180 விநாடி. மூன்று நிமிடம் பின்னால் போனால் 8.44, ஃபயர்வால் கோப்பு மாற்றப்பட்ட நேரமும் அதுவே. இரண்டு நேரங்களையும் பக்கத்தில் வைத்ததும் கோளாறு தானாகவே தெரிந்துவிட்டது. நம்மிடமே இருந்த தடயத்தை நாமே அழித்துவிட்டு, அடுத்தவர் வீட்டில் போய்த் தேட வேண்டியிருந்தது.

அந்த இரவில் திருப்பூர் சாலையில் ஒரு கிடங்கின் வாசலில் சரக்கு ஏற்றிய லாரி நின்றது. ஈ-வே பில் எடுக்க இணையம் இல்லை. பில் இல்லாமல் வெளிமாநிலத்துக்கு வண்டியைக் கிளப்ப முடியாது. ரவுட்டரின் ஒரு நிலைச்சொல்லைத் தவறாகப் படித்ததன் விலையை யாரோ ஓர் ஓட்டுநரும், கப்பல் தேதியைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த ஒரு மேலாளரும் கொடுத்தார்கள்.

இன்னொரு கோளாறையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதற்கு நம் ஊரில் புழங்கும் மருந்து நோயைவிடக் கொடியது. குவாக்கா என்ற பழைய மென்பொருளிலிருந்து அதன் வழிவந்த எஃப்ஆர்ஆருக்கு இப்போது பலர் மாறுகிறீர்கள். பழைய கான்ஃபிகரேஷனை (அமைப்பு வரிகளை) அப்படியே ஒட்டினால் பிஜிபி இணைப்பு நிலைக்கும். ஆனால் வழித்தடம் ஒன்றுகூட வராது, போகாது. எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'பாலிசி' என்று மட்டும் இருக்கும். வெளி நிறுவனங்களோடு பேசும் பிஜிபி இணைப்பில் எதை ஏற்கலாம், எதை அனுப்பலாம் என்று எழுதாதவரை எதையும் ஏற்கவோ அனுப்பவோ கூடாது என்பது 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தரநிலை ஆவணத்தின் விதி. எஃப்ஆர்ஆர் 7.4 பதிப்பு முதல் அது இயல்பு நிலையாகிவிட்டது. இதைக் கண்டதும் பலர் எல்லாவற்றையும் அனுமதிக்கும் ஒற்றை வரி ரவுட்-மேப்பை (வழித்தடங்களை வடிகட்டும் விதியை) இரு பக்கமும் போட்டுவிடுகிறார்கள். சேவை வந்துவிடுகிறது, எல்லோரும் தூங்கப் போய்விடுகிறார்கள்.

இரண்டு அப்ஸ்ட்ரீம் வைத்திருப்பவர் இப்படிச் செய்தால், ஒருவரிடம் பெற்ற வழித்தடங்களை தன் வழியாகப் போகலாம் என்று மற்றவரிடம் அறிவித்துவிடுவார். 2018 நவம்பர் 12 அன்று நைஜீரியாவின் மெயின்ஒன் நிறுவனத்தில் பிஜிபி வடிகட்டியில் நேர்ந்த ஒரு பிழையால் கூகுளின் போக்குவரத்து 74 நிமிடங்கள் திசை மாறி ஓடியது. அவர்களிடம் தீய நோக்கம் இல்லை, வடிகட்டி சரியில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஐபி முகவரித் தொகுதிகளை மட்டும் ப்ரீஃபிக்ஸ்-லிஸ்ட் என்ற பட்டியலில் எழுதி, வெளியே போகும் பக்கம் அதை மட்டும் அனுமதியுங்கள். சிறு நிறுவனத்துக்கு அது நான்கைந்து வரி வேலை.

ஒரே நிறுவனத்தின் ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையை ஊருக்கு ஊர் ஓட்டுபவர்களுக்கும் ஒரு சொல். இரு முனைகளுக்கிடையே பிங் போகிறது, ஆனால் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' கட்டளை 'எக்ஸ்ஸ்டார்ட்' என்ற தொடக்க நிலையிலேயே நிற்கிறது என்றால், முதலில் இரு பக்கத்து எம்டியூ அளவையும் (ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய உச்ச அளவு) ஒப்பிடுங்கள். முதலில் போகும் அறிமுகச் செய்தியான ஹலோ பாக்கெட் சிறியது, கடந்துவிடும். அடுத்து வரும் டேட்டாபேஸ் விவரப் பாக்கெட்டில் எம்டியூ அளவும் எழுதப்பட்டிருக்கும். தன் அளவைவிடப் பெரிய எண்ணைக் கண்டால் ரவுட்டர் அதை ஏற்காது. இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விட 'எம்டியூ-இக்னோர்' என்று ஒரு கட்டளை உண்டு. ஆனால் பெரிய பாக்கெட் அந்தத் தடத்தில் உண்மையிலேயே போகாதென்றால் கோளாறு வேறு நாளில் வேறு உருவில் வரும். அளவைச் சரிசெய்வதே வைத்தியம்.

இனி, உரிமையாளர்களிடம் நேராகக் கேட்க வேண்டியது. ஓடும் கான்ஃபிகரேஷனும் கோப்பில் இருக்கும் கான்ஃபிகரேஷனும் ஒன்றல்ல. எஃப்ஆர்ஆரின் கட்டளைத் திரையான விடிஒய்எஸ்எச்சில் ஒருவர் செய்த மாற்றம் 'ரைட் மெமரி' கொடுக்காதவரை ரவுட்டரின் நினைவில் மட்டுமே இருக்கும். தைமாதம் அவசரமாக ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் நிலையான வழித்தடம்) சேர்த்துவிட்டு, பங்குனியில் வேலையை விட்டுப் போன பொறியாளரை எனக்குத் தெரியும். ஆனி மாதக் காற்றில் மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்து, ரவுட்டர் மறுபடி எழுந்தபோது காங்கேயம் பக்கம் ஒரு பகுதிக்கே இணையம் இல்லை. அங்கே எதுவும் உடையவில்லை. ஆறு மாதம் ஓடிய ஒரு வரி எந்தக் கோப்பிலும் இல்லை என்பதுதான் கோளாறு. அந்த வரியை நினைவில் வைத்திருந்தவர் அப்போது பெங்களூரில் வேறு வேலையில் இருந்தார்.

ஆகவே சேவை நின்றால் உங்கள் பணியாளருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். பிஜிபி சம்மரி, நெய்பர் விவரம், ஓஎஸ்பிஎஃப் நெய்பர், ஓடும் கான்ஃபிகரேஷன் ஆகியவற்றின் வெளியீட்டை நேரத்தோடு ஒரு கோப்பில் அவர் சேமிக்கட்டும். கணினியின் பதிவுக் கோப்பையும் நகலெடுக்கட்டும். அதற்குப் பிறகு ரீபூட் செய்தே ஆக வேண்டுமென்றால் செய்யலாம். அந்த ஐந்து நிமிடத்தில் போனில் அவரைத் திட்டாதீர்கள். வாடிக்கையாளரின் கோபத்தை நீங்கள் தாங்கிக்கொண்டால்தான் அவரால் திரையை நிதானமாகப் படிக்க முடியும். இரவுப் பணியாளருக்குப் பார்க்க மட்டும் அனுமதியுள்ள கணக்கு ஒன்றையாவது கொடுங்கள். பல இடங்களில் கடவுச்சொல் ஒரே ஒருவரிடம் இருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரிந்த ஒரே கருவி பவர் சுவிட்ச். அவர்கள் அதைத் தொடுவதில் வியப்பென்ன?

இந்த மடல் உங்கள் கைக்குக் கிடைக்கும் இரவிலேயே ஒரு வேலையைச் செய்து பாருங்கள். ஓடும் கான்ஃபிகரேஷனை எடுத்து, எஃப்ஆர்ஆர் கோப்பில் உள்ளதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், அந்த வரியை யார், எதற்காகச் சேர்த்தார் என்று பக்கத்திலேயே குறிப்பெழுதிவிட்டுச் சேமியுங்கள். ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத வரி ஏதேனும் கிடைத்தால் அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு நெட்வொர்க் பொறியாளர்