டுலூத்துக்கு வெளியே நங்கூரமிடும் கப்பல் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கப்பல் தலைவர்களுக்கும் தள அதிகாரிகளுக்கும்,

வணக்கம். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில், டுலூத் துறைமுக நகரின் கால்வாய் வாயிலிலிருந்து ஒரு மைல் தொலைவுக்குள், ஏறத்தாழ 70 அடி ஆழத்தில் தாமஸ் வில்சன் என்னும் எஃகுச் சரக்குக் கப்பல் கிடக்கிறது. துறையில் இடம் கிடைக்கும்வரை வெளியே காத்திருக்கும் உங்கள் கப்பல்களின் நங்கூரமும் சங்கிலியும் அதைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

308 அடி நீளமுள்ள அக்கப்பல் 1892-இல் பக்கத்துச் சுப்பீரியர் நகரில் கட்டப்பட்டது. அலை மோதி நிற்காமல் மேலேறி வழிந்தோடும்படி, பக்கங்களும் மேல்தளமும் ஒன்றாக உருண்டு வளைந்த 'வேல்பேக்' வடிவத்தை வகுத்தவர் அலெக்சாண்டர் மக்டூகல். சரக்கறை வாய்களுக்கு உயர்ந்த விளிம்பு இல்லை. மூடிகளை இறுக்கியிருக்கும்வரை அதனால் கேடும் இல்லை.

1902 ஜூன் 7 அன்று ஏரி அமைதியாக இருந்தது. இரும்புத் தாதுவுடன் வில்சன் வெளியேறியபோது மூடிகள் இன்னும் பொருத்தப்படவில்லை. நிலக்கரியுடன் உள்ளே வந்துகொண்டிருந்த ஜார்ஜ் ஹாட்லி என்னும் மரக்கப்பலிடம், டுலூத்தில் இடமில்லை, சுப்பீரியர் வாயிலுக்குச் செல்லுங்கள் என்று இழுவைப் படகொன்று தெரிவிக்க, ஹாட்லி எதிரே வந்த கப்பலைக் கவனிக்காமலும் சங்கு ஊதாமலும் இடப்பக்கம் திரும்பி வில்சனின் மீது மோதியது. பிளந்த பக்கத்தின் வழியாகவும் திறந்திருந்த சரக்கறைகளின் வழியாகவும் தண்ணீர் புகுந்து, சுமார் மூன்றே நிமிடங்களில் வில்சன் மூழ்கியது. 20 பேரில் 9 பேர் மாண்டனர். மூடிகள் இருந்திருந்தால் கப்பல் தப்பியிருக்கும் என்று சொல்ல நான் துணியவில்லை. ஆனால் இன்னும் சில நிமிடங்கள் கிடைத்திருக்கும், அவற்றில் சிலராவது பிழைத்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். ஹாட்லி கரையோர ஆழமற்ற பகுதியில் ஏற்றப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டது.

வேல்பேக் கப்பல்களுள் இன்று தண்ணீருக்கு மேலே எஞ்சியிருப்பது சுப்பீரியர் நகரில் அருங்காட்சியகமாக நிற்கும் மீட்டியர் ஒன்றுதான். 1896-இல் கட்டப்பட்ட அது மணல் அள்ளவும், மோட்டார் வண்டிகள் ஏற்றவும், இறுதியில் எண்ணெய் கொண்டுசெல்லவும் மாற்றப்பட்டு 1969 வரை உழைத்தது. ஆகவே அதன் பழைய அமைப்பைப் பல மாற்றங்களுக்கு அடியில்தான் தேட வேண்டும். வில்சனோ பத்து வயதிலேயே மூழ்கியது. தொடக்ககால எஃகுக் கட்டுமானத்தை அறிய விரும்புவோருக்கு அதற்கு நிகரான சான்று அரிது. அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் 1992 முதல் அது இடம்பெற்றிருப்பதும் இதனால்தான்.

பதிவேட்டில் பெயர் இருப்பது பல டன் எடையுள்ள நங்கூரத்தைத் தடுத்துவிடாது. நங்கூரம் விலகி விழுந்தாலும், காற்றுத் திசை மாறிக் கப்பல் சுழலும்போது அடியில் கிடக்கும் சங்கிலி ஏரித்தரையைத் துடைத்துக்கொண்டே போகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனவே நங்கூரமிடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, வரைபடத்தில் வில்சன் கிடக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கப்பலின் முழுச் சுழல்வட்டமும் அதற்கு வெளியே அமையுமாறு திட்டமிடுங்கள். காவல்பொறுப்பு மாறும்போது அடுத்த அதிகாரியிடமும் அதைச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
கப்பல் வரலாற்றில் ஈடுபாடுள்ள ஒருவர்