சாய்ந்த மரங்கள் விறகுக்கு மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையையும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களையும் தாக்கியபோது சாய்ந்த தூங்குமூஞ்சி, வேம்பு, பூவரசு மரங்களின் அடிமரங்கள் துண்டு துண்டாக அறுக்கப்பட்டு விறகுக்குப் போனதைக் கண்டு வருந்திய மரக் கடைசல் தொழிலாளர்களில், அதாவது மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடைந்து பொருள் செய்பவர்களில், நானும் ஒருவன்.

நன்கு உலர்ந்த மரமே கடைசலுக்கு ஏற்றது என்பது பொதுவான எண்ணம். ஆனால் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் கிண்ணம் கடைவதற்கு ஈரம் காயாத பச்சை மரம்தான் உகந்தது. சுவர் மெல்லியதாகவும் எங்கும் ஒரே கனமாகவும் அமைந்துவிட்டால், ஈரம் சீராக வெளியேறி, மரம் சுருங்கும்போது கிண்ணம் வளைந்து கொடுக்குமே தவிர எளிதில் வெடிக்காது. மரத்தின் வளையங்களை ஒட்டிய சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய சுருக்கத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், வட்டமாகக் கடைந்த கிண்ணம் காய்ந்தபின் சற்றே நீள்வட்டமாகும். சிலர் அதைக் குறை என்பர். எனக்கு அதுவே அழகு.

இவ்வேலையை இடையில் நிறுத்த முடியாது. விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால்கூட, திரும்பி வருவதற்குள் சுவர் காய்ந்து நெளிந்திருக்கும். வெளிப்புறத்தை முடித்த பிறகு, உட்புறத்தை விளிம்பில் தொடங்கிச் சிறிது சிறிதாக முடித்துக்கொண்டே அடிக்கு இறங்க வேண்டும். நடுவில் மிஞ்சியிருக்கும் மரம் அதுவரை தாங்கலாக நிற்கும். முழுவதும் குடைந்துவிட்டு மீண்டும் விளிம்புக்கு உளியைக் கொண்டுபோனால், சுவர் அதிர்ந்து உளியைக் கவ்வி, கிண்ணம் நொடியில் சிதறிவிடக்கூடும். வெளிப்புறம் ஒரு விளக்கை வைத்துக்கொண்டால், ஈரச் சுவரின் ஊடே கசியும் வெளிச்சத்தைக் கொண்டே கனத்தை அறியலாம். மங்கலாகத் தெரியும் இடத்தில் இன்னும் சீவ வேண்டும் என்று பொருள்.

ஹவாய்த் தீவுகளில் பூவரச மரத்தில் உணவுக் கிண்ணம் செய்வது பழைய மரபு. தூங்குமூஞ்சி மரத்தில் கடைந்த கிண்ணங்களும் அங்கு சுற்றுலாப் பயணிகள் விரும்பி வாங்கும் பொருள். அதே மரங்கள் நம் சாலையோரங்களில் நிற்கின்றன. அம்பாசமுத்திரத்தில், குழந்தைகள் விளையாடும் மரச் செப்புச் சாமான்களைக் கடையும் கைகளும் இருக்கின்றன. மரம் உரிய நேரத்தில் அக்கைகளுக்குச் சேர்வதில்லை என்பதே குறை.

வெட்டுமுகத்தில்தான் ஈரம் விரைந்து வெளியேறி வெடிப்பு தொடங்குகிறது. நம் வெயிலில் அதற்குச் சில நாட்களே போதும். ஆகவே, சாய்ந்த மரத்தை அகற்றும் உள்ளாட்சி அமைப்புகள், அடிமரத்தைப் பிளக்காமல் அதன் விட்டத்துக்குக் குறையாத நீளத்தில் அறுத்து, இரு முகங்களிலும் மெழுகோ பெயின்ட்டோ பூசி, நிழலில் அடுக்கிவைத்து, கடைசல் பட்டறைகளுக்கு நியாயமான விலையில் ஒரு வாரத்துக்குள் வழங்க வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன்பே இதற்கான உத்தரவை அரசு பிறப்பிக்க வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரக் கடைசல் தொழிலாளி ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.